அயல் அரசின் புரோநோட்டு

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் சென்றவர்கள், சில பட்டறைகளின் பின்புறத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும் ஊறுகாய் ஜாடிகளைக் கண்டிருக்கலாம். முதற் பார்வையில் அவற்றிலே குறை ஒன்றும் தோன்றாது. வடிவம் செவ்வையாக இருக்கும், பளபளப்பும் இருக்கும். வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால்தான் மேற்பூச்சிலே தலைமயிர் போன்ற விரிசல்கள் வலைபோல ஓடியிருப்பது புலப்படும். களிமண்ணால் ஆன உடல் ஓர் அளவிலே சுருங்குகிறது. அதன்மேல் பூசிய ‘கிளேஸ்’ வேறோர் அளவிலே சுருங்குகிறது. இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் பூச்சு வெடிக்கும். சூளையின் உள்ளே, நெருப்பின் நடுவிலே, இக்குறை தெரிவதில்லை. சூடு ஆறும்போது தெரியும். சில வேளைகளில், ஜாடி விலைபோய், யாரோ ஒருவர் வீட்டு அடுக்களையில் மாதக்கணக்கில் இருந்த பின்னரும் தெரியவரும்.

இவ்வூரில் பீங்கான் சரக்குக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கின்ற நமக்கு, அயல்நாட்டு அரசுகள் வெளியிடும் கடன் பத்திரங்களைப் பற்றி எழுத என்ன வந்தது என்று அன்பர்கள் கேட்கலாம். நாமாகத் தேடிப் போன பொருள் அன்று அது. நண்பர் ஒருவர் நம்மிடம் கொண்டு வந்து சேர்த்தார்.

நண்பர் மங்கலம்பேட்டையில் பிறந்தவர். இருபத்தாறு ஆண்டுகள் சவூதி அரேபியாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். இரண்டு பெண் மக்கள். மூத்தவளுக்கு நிக்காஹ் பேசி முடித்தாயிற்று, இளையவள் படித்துக் கொண்டிருக்கிறாள். வேலையை விட்டு வரும்போது கிடைத்த பணிக்கொடையும் சேமிப்பும் சேர்ந்து நாற்பதாயிரம் டாலர் அளவுக்கு இருந்தது. இருபத்தாறு ரமலான்களில் ஐந்தோ ஆறோதான் அவர் தம் வீட்டிலே நோன்பு திறந்திருக்கிறார் என்பதையும் சேர்த்தே அத்தொகையை நாம் எண்ண வேண்டும்.

அவர் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னே ஒரு முகவர் அவரைத் தேடி வந்திருக்கிறார். “இந்தப் பணத்தை வங்கியிலே தூங்க வைக்காதீர்கள். அரசாங்கங்கள் வெளியிடும் பத்திரங்களிலே போட்டுத் தருகிறோம். டாலரில் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டை ஒட்டி வருமானம். கம்பெனி என்றால் ஓடிப்போகும்; அரசாங்கம் எங்கே ஓடும்? அதிலும் இவை ஸுகூக், வட்டி இல்லை, ஹலால்” என்று சொல்லி, வண்ணத் தாளில் அச்சிட்ட கையேடு ஒன்றையும் கொடுத்திருக்கிறார். ஆண்டுக்கு நாலாயிரம் டாலர்! நண்பர் அக்கையேட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடியே ஊர் வந்து சேர்ந்தார். “பாய், நீங்கள் கணக்குப் பார்க்கிறவர். இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்” என்று நம் முன்னே வைத்தார்.

இதிலே கவர்ச்சி இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். அப்படிச் சொல்பவர்கள் கடல் கடந்து உழைக்கும் குடும்பங்களின் நிலையை அறியாதவர்கள். 1980ஆம் ஆண்டில் ஒரு டாலருக்கு எட்டு ரூபாய்க்கும் குறைவாகவே கொடுத்தோம். 2022இல் எண்பது ரூபாய்க்கு மேல் கொடுத்தோம். நாற்பத்திரண்டு ஆண்டுகளில் பத்து மடங்கு. ஆண்டுக்குச் சராசரி ஐந்தரை விழுக்காடு என்று கணக்காகிறது. சவூதி ரியால் 1986 முதல் டாலருக்கு மூன்றே முக்கால் என்ற விலையிலே நிறுத்தப்பட்டிருப்பதால், அங்கே சம்பாதித்தவருக்கு டாலர் என்பது தம் சொந்த நாணயம் போன்றதே. ஊருக்கு அனுப்பிய ரூபாய் தேய்ந்ததையும், அனுப்பாமல் வைத்த ரியால் தேயாமல் நின்றதையும் கண்ணாரக் கண்டவருக்கு, “டாலரிலே போடு” என்ற சொல் இனிக்கத்தான் செய்யும். ஆயினும் இந்தக் கணக்கு ஒரே திசையில் ஓடுவதன்று. 2002இல் நாற்பத்தொன்பது ரூபாயை ஒட்டி நின்ற டாலர், 2007ஆம் ஆண்டின் கடைசியில் முப்பத்தொன்பது ரூபாயாக இறங்கிற்று. அவ்வாண்டில் மகளுக்குத் திருமணம் வைத்து டாலரை மாற்றிய தகப்பனார் ஐந்தில் ஒரு பங்கைக் கண்முன்னே இழந்தார்.

“அரசாங்கம் எங்கே ஓடும்?” என்ற அந்தக் கேள்வியைத்தான் நாம் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம்.

கடன் பத்திரம் என்பது என்ன? நம் கடைத்தெருவில் எழுதித் தரும் புரோநோட்டின் பெரிய உருவம், அவ்வளவே. இன்ன தேதியில் இன்ன தொகை தருகிறேன் என்ற வாக்கு. கடைத்தெருப் புரோநோட்டுக்காரர் தராவிட்டால் வழக்குப் போடலாம், தீர்ப்பு வாங்கலாம், அமீனாவை அழைத்துக் கொண்டு போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். ஓர் அரசின் வாசலுக்கு எந்த அமீனா போவார்? அரசு ஓடுவதில்லை என்பது உண்மையே. அது இருந்த இடத்தில் இருந்தபடியே “இப்போது தருவதற்கில்லை” என்று அறிக்கை விடும். ஓடிப்போனவனையாவது தேடிப் பிடிக்கலாம்.

இது நம் மூத்தோருக்குத் தெரியாத செய்தியன்று. நாணயத் தாளும் ஓர் அரசின் வாக்குத்தானே? ஜப்பானியர் ஆண்ட காலத்தில் மலாயாவில் புழங்கிய வாழைமர நோட்டுகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்தவர்கள், 1945இல் ஆங்கிலேயர் திரும்பி வந்த அன்றே அவை வெறுந்தாள் ஆகிவிட்டதைக் கண்டார்கள். பர்மாவிலும் அதே கதை. அதன் பிறகும் அங்கே தங்கிக் கடை நடத்தியவர்களுக்கு 1964ஆம் ஆண்டு மே மாதம் இன்னொரு பாடம் வந்தது. ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லா என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து தமிழ்நாட்டின் ஊர்களில் பர்மா காலனிகளில் குடியேறியவர்களைக் கேட்டால் மிச்சத்தைச் சொல்வார்கள்.

பழங்கதை என்று இதனைத் தள்ளிவிடலாம். நண்பரும் தள்ளினார். “அது யுத்த காலம் பாய், இப்போது அப்படி இல்லை” என்றார். ஆகவே இலங்கையைப் பற்றி அவரிடம் பேசினோம்.

காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்த கொழும்பு அது. அந்நாட்டு அரசு 2007ஆம் ஆண்டில் முதன்முறையாக உலகச் சந்தையில் ஐம்பது கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. ஐந்தாண்டுத் தவணை, எட்டேகால் விழுக்காடு வட்டி. தவணைக்குப் பணம் கொடுத்தும் தீர்த்தது. அந்த நம்பிக்கையிலே பத்திரத்தின்மேல் பத்திரமாக எழுதி, பதினைந்து ஆண்டுகளில் இவ்வகைக் கடன் மட்டும் ஆயிரத்திருநூறு கோடி டாலரைத் தாண்டிற்று. எழுதித் தந்தது டாலரில். மக்களிடம் வரியாக வசூலிப்பதோ இலங்கை ரூபாயில். உடலின் சுருக்கம் வேறு, பூச்சின் சுருக்கம் வேறு என்ற நம் ஊர்க் குறையே இங்கும் இருந்தது. சந்தையில் சூடு இருந்தவரை ஒருவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

டாலர் அந்நாட்டுக்கு எங்கிருந்து வரவேண்டும்? தேயிலையிலிருந்து, தைத்த ஆடையிலிருந்து, சுற்றுலா வருபவர்களிடமிருந்து. இவற்றோடு, குவைத்திலும் சவூதியிலும் பிறர் வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் துணி துவைக்கும் இலங்கைப் பெண்கள் அனுப்பும் பணத்திலிருந்து. நியூயார்க்கிலும் லண்டனிலும் பத்திரம் வைத்திருந்த செல்வர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போன வட்டியில் அந்தப் பெண்களின் வியர்வையும் இருந்தது. 2019இல் ஈஸ்டர் நாளில் குண்டுகள் வெடித்தன; சுற்றுலா நின்றது. அவ்வாண்டின் இறுதியில் அரசு வரிகளைக் குறைத்தது, வருமானம் சுருங்கிற்று. 2020இல் கொள்ளைநோய் வந்தது. டாலருக்கு இருநூற்று மூன்று ரூபாய்தான் என்று அரசு பிடிவாதமாக விலையை நிறுத்தி வைக்கவே, வெளிநாட்டில் உழைத்தவர்கள் வங்கியை விட்டு உண்டியல் வழியே பணம் அனுப்பத் தொடங்கினார்கள். 2020இல் எழுநூறு கோடி டாலருக்கு மேல் வங்கி வழியாக வந்த பணம், மறு ஆண்டில் ஐந்நூற்றைம்பது கோடியாக வீழ்ந்தது.

2022ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் முதிர்ந்த ஐம்பது கோடி டாலர் பத்திரத்துக்கு இலங்கை அரசு பணம் கொடுத்தது. ஏப்ரல் 12ஆம் நாள், இனி வெளிநாட்டுக் கடன்களுக்குத் தவணை செலுத்த இயலாது என்று அறிவித்தது. ஜூலையில் முதிரவேண்டிய நூறு கோடி டாலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரே அரசு, ஒரே கையெழுத்து. ஆறு மாத இடைவெளியில் ஒருவர் முழுத்தொகையும் பெற்றார், மற்றவர் கையில் தாள்தான் மிஞ்சிற்று. கால்கோடி டாலரா, பத்துக்கோடியா என்று எண்ணும் நிலையில் இருந்தவர்கள் நியூயார்க் நீதிமன்றம்வரை போனார்கள். நாற்பதாயிரம் டாலர்க்காரர் எந்த நீதிமன்றத்துக்குப் போவது? வழக்கறிஞரின் முதல் மாதக் கட்டணத்துக்கே அது போதாது. இரண்டரை ஆண்டுக்கும் மேலாகக் காத்த பிறகு, 2024 டிசம்பரில் பழைய பத்திரங்களை வாங்கிக்கொண்டு புதிய பத்திரங்களைக் கொடுத்தார்கள். அசலிலே தள்ளுபடி, தவணையிலே நீட்டிப்பு. இழந்தவர் முழுவதையும் இழக்கவில்லை என்பது உண்மை. ஆனால் 2022 ஜூலையில் மகளின் திருமணத்தை வைத்திருந்தவருக்கு 2024 டிசம்பர் என்ன பயன்?

இலங்கை ஒன்றுதான் இப்படி என்று எண்ண வேண்டாம். அர்ஜென்டினா அரசு 2017இல் நூறாண்டுத் தவணையில் ஒரு பத்திரம் வெளியிட்டது. உலகின் பெரிய பெரிய நிதி நிறுவனங்கள் அதனை வாங்கின. மூன்றே ஆண்டுகளில், 2020இல், அவ்வரசு தவணை தவறிற்று. நூறாண்டுக்கு வாக்குக் கொடுக்கும் துணிவையும் வாங்குபவரின் துணிவையும் பார்க்கும்போது, எதற்கு வியப்பது என்று நமக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் கேட்ட நண்பர் ஒரு நிமிடம் பேசாதிருந்தார். பிறகு, “அதெல்லாம் வட்டிப் பத்திரம் பாய். நான் போடப் போவது ஸுகூக். அதிலே பரக்கத் இருக்கும்” என்றார்.

இந்த இடம்தான் நம் குடும்பங்களுக்கு உரிய இடம். ஆகவே சற்று நின்று பார்க்க வேண்டும். வட்டி விலக்கப்பட்டது என்பதிலே நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. கொடுப்பவன் அரசனாயினும் ஆண்டியாயினும் வட்டி வட்டியே. அதனாலேதான் இருபதாண்டுகளுக்கு மேலாக ஸுகூக் என்ற பத்திரங்கள் பெருகி வருகின்றன. மலேசிய அரசு 2002இல் அறுபது கோடி டாலருக்கு வெளியிட்டது. ஆங்கிலேய அரசே 2014இல் இருபது கோடி பவுனுக்கு வெளியிட்டது. அதன் முறை இது: அரசு தன் கட்டடங்கள் சிலவற்றின் உரிமையை ஓர் அமைப்புக்கு விற்றதாக எழுதித் தருகிறது, பின்னர் அதே கட்டடங்களைத் தானே வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது. பத்திரம் வைத்திருப்பவருக்கு வருவது வட்டியன்று, வாடகை. தவணை முடிவில் அரசு அதே விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

அந்தக் கடைசி வரியைப் பற்றி ஆலிம்களுக்குள்ளேயே கேள்வி எழுந்தது. வணிகமென்றால் இலாபமும் நட்டமும் உண்டு. போட்ட தொகை அப்படியே திரும்புமென்று முன்னதாகவே உறுதி கொடுத்தால் அது எவ்வகை வணிகம் என்று, பாகிஸ்தானைச் சேர்ந்த அறிஞர் முப்தி தக்கி உஸ்மானி 2007ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். அதற்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. மார்க்கம் அறிந்தோரிடம் கேட்டுக்கொள்க. கணக்கு எழுதுபவன் என்ற முறையில் நாம் சொல்லக்கூடியது வேறொன்று. ஆகுமானதா என்பது ஒரு கேள்வி. திரும்பி வருமா என்பது இன்னொரு கேள்வி. முன்னதற்குக் கிடைத்த விடையைப் பின்னதற்கும் விடையாக எடுத்துக்கொள்கிறோம். முகவரும் அதைத்தான் விரும்புகிறார். அரசின் ஸுகூக்குகளில் பெரும்பாலானவற்றில் பத்திரம் வைத்திருப்பவர் அக்கட்டடத்தை ஏலம் போட்டுப் பணம் எடுத்துக்கொள்ள முடியாது. அரசு மருத்துவமனையை எந்த நாட்டிலாவது ஏலம் போட விடுவார்களா? ஆகவே சுற்றி வந்தாலும் வாக்கு ஒன்றுதான். அந்த அரசின் வாக்கு.

நம் கடற்கரைக்குத் தெற்கே மாலத்தீவு இருக்கிறது. முஸ்லிம்களே வாழும் நாடு. 2021இல் அவ்வரசு டாலரில் ஸுகூக் வெளியிட்டது. மொத்தம் ஐம்பது கோடி. வருமானம் ஆண்டுக்கு 9.875 விழுக்காடு. நண்பரின் கையேட்டில் இருந்த எண்ணுக்கு மிக அருகில்! 2024 செப்டம்பரில், அந்நாட்டின் கையிருப்பு டாலர் கரைந்து வருகிறது என்று செய்தி பரவவே, நூறு டாலர் பத்திரம் சந்தையில் எழுபது டாலரளவுக்கு வீழ்ந்தது. அக்டோபரில் இரண்டரைக் கோடி டாலர் தவணை கொடுக்க வேண்டியிருந்தது. கொடுப்பார்களா மாட்டார்களா என்று உலகச் சந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்திய அரசு கை கொடுத்தது. முன்பு பாரத ஸ்டேட் வங்கி வாங்கியிருந்த ஐந்து கோடி டாலர் மாலத்தீவு உண்டியல்களின் தவணை ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. அக்டோபரில் நாற்பது கோடி டாலரும் மூவாயிரம் கோடி ரூபாயும் மாற்றிக்கொள்ளும் உடன்பாடும் கையெழுத்தாயிற்று. அந்தத் தவணை தப்பிற்று. ஹலால் என்ற முத்திரை அதைத் தப்புவிக்கவில்லை. அண்டை நாட்டின் டாலர் தப்புவித்தது.

அப்படியானால் எல்லா அயல்நாட்டுப் பத்திரங்களும் ஒன்றுதானா என்றால், இல்லை. தன் சொந்த நாணயத்தில் கடன் வாங்கும் வலுவுள்ள அரசுகள் வேறு. நண்பரின் சகோதரி மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அந்நாட்டு அரசு 2015 முதல் ஒரு சேமிப்புப் பத்திரம் வெளியிடுகிறது. ஐந்நூறு வெள்ளி இருந்தால் போதும். அங்கே வேலை செய்யும் வெளிநாட்டாரும் வாங்கலாம். எந்த மாதம் வேண்டுமானாலும் அசல் குறையாமல் திரும்பப் பெறலாம். அதில் வருவது வட்டிதான் என்பது நமக்கு வேறு கேள்வி. பணம் திரும்புமா என்பதில் ஐயம் குறைவு. அங்கே கிடைக்கும் வீதமும் குறைவுதான். அமெரிக்க அரசின் பத்திரத்தைவிட வலுவானது இல்லை என்பார்கள். ஆனால் அதிலும் இடையில் விற்பவருக்கு இடி உண்டு. 2020இல் பத்தாண்டுப் பத்திரம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்த வட்டியில் கிடைத்தது. 2023 அக்டோபரில் ஐந்து விழுக்காட்டைத் தொட்டது. புதுப் பத்திரம் ஐந்து கொடுக்கும்போது, ஒன்று கொடுக்கும் பழைய பத்திரத்தை முழு விலைக்கு யார் வாங்குவார்? 2023 மார்ச்சில் கலிபோர்னியாவில் ஒரு பெரிய வங்கி திவாலானதற்கு இப்படி விலை இறங்கிய பத்திரங்களே முக்கிய காரணம். தவணை முடியும்வரை காத்திருக்க வல்லவருக்கு நட்டமில்லை. அடுத்த ஆண்டு நிக்காஹ் வைத்திருப்பவர் அந்த வல்லமை உடையவர் அல்லர்.

சட்டத்தைப் பற்றியும் சிறிது. வெளிநாட்டில் வசித்தபோது வாங்கிய அயல்நாட்டுப் பத்திரத்தை, ஊர் திரும்பிய பின்னும் வைத்திருக்க 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருகிறது. இதைத்தான் முகவர் “வருவதற்குள் வாங்கிவிடுங்கள்” என்று அவசரமாக்கிப் பேசினார். உண்மையில் அவசரம் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தவர் தம் டாலரை இங்குள்ள வங்கியிலேயே ஆர்.எஃப்.சி. என்னும் வெளிநாட்டு நாணயக் கணக்கில் டாலராகவே வைத்துக்கொள்ளலாம். வேண்டியபோது வெளிநாட்டில் முதலீடு செய்யவும் அதிலிருந்து எடுக்கலாம். முகவர் சொல்லாமல் விட்ட இன்னொன்று: இங்கே முழு வசிப்பாளராக ஆனபின் அயல்நாட்டு உடைமைகளை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும்; காட்டத் தவறினால் பத்து லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமுண்டு.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது நண்பரின் மனைவியார் தேநீர் கொண்டு வந்து வைத்தார். உள்ளிருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். “அந்த ஊர் கவர்மெண்டு தரலேன்னா நாம யாரு வீட்டு வாசல்லே போய் நிக்கிறது?” என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார். நாம் முக்கால் மணி நேரம் சொன்னதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

நண்பருக்கு இருந்தாலும் மனம் ஆறவில்லை. நாலாயிரம் டாலர் அவ்வளவு எளிதில் கண்ணைவிட்டு அகலுமா? ஆகவே இருவரும் சேர்ந்து அம்முகவருக்கு ஒரு கடிதம் எழுதினோம். முதலாவது, பத்திரங்கள் எந்தெந்த அரசுடையவை, எந்தத் தேதியில் முதிர்பவை? இரண்டாவது, அவ்வரசுகள் தவணை தவறினால் எந்த நாட்டு நீதிமன்றத்தில் வழக்காடுவது? மூன்றாவது, பத்திரம் யார் பெயரில் பதிவாகும்? இந்த மூன்றாம் கேள்விக்குக் காரணம் உண்டு. உலகச் சந்தையில் வெளியாகும் இத்தகைய பத்திரங்கள் பல, இரண்டு லட்சம் டாலருக்குக் குறைந்து விற்கப்படுவதில்லை. நாற்பதாயிரத்தைக் கொண்டுபோனவர் நால்வரோடு சேர்த்துக் கட்டப்படுகிறார். பத்திரம் இடைத்தரகரின் பெயரில் இருக்கும், இவர் கையில் இருப்பது அந்தத் தரகர் எழுதித் தந்த துண்டுச் சீட்டு. அரசின் வாக்கை நம்பிப் போனவர், பெயர் தெரியாத ஒருவரின் வாக்கோடு திரும்புவார்.

பதினெட்டு நாட்கள் கழித்துப் பதில் வந்தது. இரண்டு நாடுகளின் பெயர்களும் முதிர்வு ஆண்டுகளும் இருந்தன. இங்கிலாந்துச் சட்டப்படி வழக்காடலாம் என்று இருந்தது. கூடவே இன்னொரு வண்ணக் கையேடும் இருந்தது. மூன்றாம் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. நண்பர் மறுபடியும் எழுதிக் கேட்டிருக்கிறார். நிக்காஹ் செலவுக்கு வேண்டியதை ரூபாயாக மாற்றியாயிற்று. மிச்சப் பணம், வட்டி வேண்டாமென்று நடப்புக் கணக்காகத் திறந்த அவருடைய ஆர்.எஃப்.சி. கணக்கில் கிடக்கிறது.